‘க்’ போட்டால் போதுமா?

பத்திரிகை சப் எடிட்டர்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்துகிறோம் என்று யாராவது சொன்னால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அழைப்பிதழைப் பார்க்கும் வரை.

அழைப்பிதழ்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. காலை 10 மணிக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு. வரவேற்புரை ஒருவர், தலைமை ஒருவர், முன்னிலை மூன்று பேர், வாழ்த்துரை ஐந்து பேர். பத்து பேருக்கும் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்குப் பதில் பொன்னாடை. பதினொன்றரைக்கு டீ. அப்புறம் ஒரு தமிழ்ப் பேராசிரியர், ‘ஊடகத் தமிழும் ஒற்றுப் பிழைகளும்’ என்று பேசுவார். மதியம் பிரிஞ்சி, தயிர்ப் பச்சடி. சாப்பிட்ட மயக்கத்தில் ‘மாறிவரும் ஊடக உலகில் இளைஞர்களின் பங்கு’. நாலு மணிக்குச் சான்றிதழ், குரூப் போட்டோ, நாட்டுப்பண். மறுநாள் அந்தப் போட்டோ பேப்பரில் வரும். சில சமயம் பெயர்கள் இடம் மாறி.

இந்த ஆறு மணி நேரத்தில் ஒரு சப் எடிட்டராவது ஒரு செய்தியைக் கையில் எடுத்துத் திருத்தினாரா? மாட்டார். பட்டறை என்று பெயர் வைத்தால் அங்கே சுத்தியல் சத்தம் கேட்க வேண்டாமா?

*

சப் எடிட்டர் யார் என்பதே நிறைய வாசகர்களுக்குத் தெரியாது. நிருபரின் பெயர் வரும், போட்டோகிராபரின் பெயர் வரும். இவர் பெயர் எங்கேயும் வராது. ஒரு தாலுகா டவுனில் இருக்கும் பகுதிநேர நிருபர் வாட்ஸ்அப்பில் நாற்பது வரி அடித்து அனுப்புகிறார். அதை மாவட்டப் பதிப்பு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பன்னிரண்டு வரியாக்கி, தலைப்புப் போட்டு, பக்கத்தில் உட்கார வைக்கிறார். அவர்தான் சப் எடிட்டர்.

ஒரு காலத்தில் இவருக்குப் பின்னால் மெய்ப்பு பார்ப்பவர்கள் என்று ஒரு தனிப் பிரிவே இருந்தது. எழுத்துப் பிழையை அவர்கள் பிடிப்பார்கள். கம்ப்யூட்டர் வந்தது, அந்தப் பிரிவு பல இடங்களில் மெலிந்து காணாமல் போனது. இப்போது கடைசிக் கண் சப் எடிட்டருடையதுதான். அவருக்கு அப்புறம் நீங்கள்தான் படிக்கிறீர்கள்.

அந்தக் கடைசிக் கண்ணுக்கு என்ன பயிற்சி கொடுக்கிறோம்? ‘க்’ எங்கே போட வேண்டும் என்று.

தப்பாக நினைக்காதீர்கள். ஒற்று முக்கியம்தான். ‘கீரைக் கடை’ என்றால் கீரை விற்கும் இடம். ‘கீரை கடை’ என்றால் மத்தை எடுத்துக் கடையச் சொல்கிறோம். ஒரு ‘க்’ விட்டுப்போனால் வியாபாரம் சமையலாகிவிடும். தமிழில் எழுதிச் சம்பளம் வாங்குகிறவருக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

ஆனால், இதைச் சொல்லித்தர ஒரு முழு நாள், ஒரு ஹால், பத்துப் பொன்னாடை தேவையில்லை. நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் தமிழ் ஆர்வலர் உருவாக்கிய ‘நாவி’ சந்திப் பிழையைக் காட்டுகிறது. அவரே உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப் பிழையைக் காட்டுகிறது. நூற்றுக்கு நூறு சரியாகச் செய்யாவிட்டாலும், ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மனிதரைவிடப் பொறுமையாகச் செய்கின்றன. இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்து, ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கி, ஒற்றும் போட்டு, தலைப்பும் கொடுக்கிறது. மிஷின் செய்யக்கூடிய வேலையை மனிதருக்கு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மிஷினால் செய்ய முடியாத வேலையைப் பற்றி வாயே திறக்காமல் அனுப்பிவிடுகிறோம்.

அந்த வேலையின் பெயர் சந்தேகப்படுவது.

*

நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் படித்த கணக்குகளில் பாதி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். “உண்மையாவே செலவு பண்ணினேன் சார்” என்று சத்தியம் செய்தாலும் நடக்காது. காகிதம் எங்கே?

சப் எடிட்டர் என்பவர் செய்தியின் ஆடிட்டர். ஒவ்வொரு தகவலுக்கும் வவுச்சர் கேட்க வேண்டியவர். யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? இந்த எண் எங்கிருந்து வந்தது?

எண்ணிலிருந்தே தொடங்குவோம். ‘மேட்டூர் அணையிலிருந்து 10 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறப்பு’ என்று ஒரு தலைப்பு. எவ்வளவு நேரத்தில் 10 ஆயிரம்? விநாடிக்கு. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் தலைப்புக்கு அர்த்தமே இல்லை. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பெருக்கிப் பாருங்கள், 86 கோடியே 40 லட்சம் கனஅடி வரும். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கனஅடி. அதாவது, விநாடிக்கு 10 ஆயிரம் கனஅடி வீதம் 24 மணி நேரம் திறந்துவிட்டாலும் ஒரு டிஎம்சி சேராது. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. 2018-ல் சுப்ரீம் கோர்ட், கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு தர வேண்டும் என்று சொன்ன காவிரித் தண்ணீர் 177.25 டிஎம்சி. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தால்தான் ‘10 ஆயிரம் கனஅடி’ என்பது பெரிய விஷயமா, சின்ன விஷயமா என்று புரியும். குறுவைக்கு நாற்று விடலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் கும்பகோணத்து விவசாயி அந்தத் தலைப்பைப் படிக்கிறார். அவருக்கு ஒற்றுப் பிழையால் நஷ்டம் இல்லை.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவிகிதமானது. இதை ‘வரி 7 சதவிகிதம் குறைப்பு’ என்று எழுதினால் தப்பு. குறைந்தது 7 சதவிகிதப் புள்ளி. வரி என்று பார்த்தால் பாதிக்கும் மேலே குறைந்திருக்கிறது. விலை என்று பார்த்தால், வரியோடு 112 ரூபாய்க்கு விற்ற பொருள் 105 ரூபாய்க்கு வர வேண்டும். அது 6.25 சதவிகிதம். மூன்றும் மூன்று கணக்கு. எதைச் சொல்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் மறுநாள் காலையில் மளிகைக் கடையில் சண்டை நடக்கும். “பேப்பர்லயே போட்டிருக்கானே!”

*

இப்படிப்பட்ட பட்டறையைச் சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் நடத்துவதைவிட மதுரையிலோ திருச்சியிலோ வேலூரிலோ நடத்த வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் ரயில் டிக்கெட் செலவு மட்டும் இல்லை. சந்தேகப்படுவதற்கு ஊர் தெரிய வேண்டும்.

ஆலங்குளம் என்று செய்தி வந்தால் அது தென்காசி மாவட்டத்து ஆலங்குளமா, விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளமா? திருப்பத்தூர் என்றால் 2019-ல் தனி மாவட்டமான திருப்பத்தூரா, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரா? ஆலங்குடி என்றால் புதுக்கோட்டை மாவட்டமா, குரு பகவான் கோயில் இருக்கும் திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடியா? விபத்துச் செய்தியில் இது மாறிப்போனால் இரண்டு ஊரிலும் போன் அடிக்கும். ஒரு ஊரில் தேவையில்லாத அழுகை.

சொல்லும் அப்படித்தான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ‘கொல்லை’ என்றால் வீட்டின் பின்பக்கம். வட மாவட்டங்களில் கொல்லை என்றால் புன்செய் நிலம். ‘கொல்லையில் ஆண் பிணம்’ என்று வந்த செய்தியைத் தஞ்சாவூர்க்காரர் எடிட் செய்து ‘வீட்டுக்குப் பின்னால்’ என்று மாற்றினால், ஊருக்கு வெளியே வயலில் கிடந்த பிணம் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். போலீஸுக்கு முன்னால் பேப்பர் அவரைச் சந்தேக வளையத்தில் நிறுத்திவிடும். டெல்டாவில் நிலத்தை ‘மா’ கணக்கில் சொல்வார்கள். ஏறக்குறைய மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. இது தெரியாதவர் பயிர்ச் சேதக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பார்?

இதெல்லாம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்து மேஜைக்காரருக்குத் தெரியும். அவரையும் இவரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பதுதான் பட்டறை.

*

இனி, விஷயத்தின் கனமான பகுதி.

உதாரணத்துக்கு நானே ஒரு செய்தி எழுதுகிறேன். கற்பனைதான். ‘மேலத்தெருவில் டீக்கடை நடத்திவருபவரின் 14 வயது மகள், உள்ளூர் அரசுப் பள்ளியில் 9-ம் வகுப்பு படிக்கிறாள். அவளைப் பாலியல் வன்கொடுமை செய்த வாலிபர் கைது.’ கிராமத்தின் பெயரும் முதல் வரியில் இருக்கிறது. பெண்ணின் பெயர் இல்லை. நிருபர் சட்டத்தை மதித்துவிட்டதாக நினைக்கிறார். சப் எடிட்டரும் ‘வன்கொடுமை’யில் எழுத்துப் பிழை இல்லையென்று பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்.

மேலத்தெருவில் எத்தனை டீக்கடை இருக்கும்? ஒன்று. பெயரைப் போட்டிருந்தால்கூட இவ்வளவு சரியாக அடையாளம் தெரிந்திருக்காது.

2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. குழந்தையின் பெயர், முகவரி, போட்டோ மட்டுமல்ல. குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும் வேறு எந்தத் தகவலும் வெளிவரக் கூடாது. பத்திரிகையின் வெளியீட்டாளரும் உரிமையாளரும் பொறுப்பு. பெரியவர்கள் விஷயத்தில் இந்திய தண்டனைச் சட்டம் 228-ஏ பிரிவாக இருந்தது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவாகியிருக்கிறது. கத்துவா சிறுமி விஷயத்தில் 2018-ல் டெல்லி ஐகோர்ட் பெரிய பெரிய மீடியா நிறுவனங்களையே தலா 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. அதே வருஷக் கடைசியில் சுப்ரீம் கோர்ட்டும், சுற்றிவளைத்துக்கூட அடையாளம் தெரியும்படி எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டது.

சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு ‘மேலத்தெரு டீக்கடை’ வெறும் இரண்டு சொல். அந்த ஊர்ப் பக்கத்துச் சப் எடிட்டருக்கு மட்டும்தான் அது ஒரு முகவரி என்று உறைக்கும். உறைக்கச் செய்வதற்குப் பெயர்தான் பயிற்சி.

அடுத்தது, ‘கள்ளக்காதல்’ என்ற சொல். ஒரு ஆள் மனைவியை வெட்டிக் கொன்றுவிட்டு, “அவ மேல சந்தேகம்” என்று ஸ்டேஷனில் சொல்கிறான். மறுநாள் தலைப்பு: ‘கள்ளக்காதல் விவகாரம்: மனைவி கொலை’. கொலைகாரனின் சந்தேகம் எட்டு மணி நேரத்தில் பத்திரிகையின் தீர்ப்பாகிவிட்டது. செத்தவள் வந்து மறுப்பு அனுப்ப மாட்டாள். அவளுடைய பிள்ளைகள் அந்தத் தலைப்போடு பள்ளிக்கூடம் போக வேண்டும். 2018 செப்டம்பர் 27-ல் சுப்ரீம் கோர்ட், திருமணத்துக்கு வெளியே உறவு என்பது கிரிமினல் குற்றமே இல்லை என்று 497-வது பிரிவை ரத்து செய்தது. சட்டப் புத்தகத்திலிருந்து போன குற்றம் நம் தலைப்புகளிலிருந்து இன்னும் போகவில்லை. “மூணு பத்தியில அடங்குற வேற வார்த்தை சொல்லுங்க சார்” என்பார்கள். ‘மனைவி கொலை: கணவர் கைது’. இது இரண்டு பத்தியிலேயே அடங்கும்.

தற்கொலைச் செய்தியும் இதே ரகம். எப்படிச் செய்துகொண்டார் என்று விவரிக்காதீர்கள், ஒரே காரணத்தைத் தலைப்பில் வைக்காதீர்கள், உதவி எண்ணைக் கொடுங்கள் என்பதெல்லாம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதையொட்டி இந்தியப் பிரஸ் கவுன்சிலும் 2019-ல் நெறிமுறை வெளியிட்டுவிட்டது. பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் டெஸ்க்கில் எத்தனை பேர் மேஜையில் அந்தக் காகிதம் இருக்கிறது?

‘ஸ்டேஷன் கழிவறையில் வழுக்கி விழுந்ததில் ரவுடிக்குக் கை முறிந்தது.’ இது செய்தி இல்லை. ‘என்று போலீஸார் கூறினர்’ சேர்த்தால்தான் செய்தி. இந்த வருஷம் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் இப்படி வழுக்கி விழுந்தார்கள் என்று சப் எடிட்டர் நிருபரைத் திருப்பிக் கேட்டால், அது நல்ல செய்தி.

*

“குறை சொல்றது சுலபம் சார். நீங்க நடத்தினா எப்படி நடத்துவீங்க?”

நியாயமான கேள்வி. சொல்கிறேன்.

இருநூறு பேர் வேண்டாம், இருபத்துநான்கு பேர் போதும். மேடை வேண்டாம், ஆறு மேஜை, மேஜைக்கு நான்கு பேர். மேஜைக்கு ஒரு மாவட்டத்துக்காரர் என்று கலந்து உட்கார வைக்க வேண்டும். காலை 10 மணிக்கு ஆரம்பிக்கவே கூடாது. ராத்திரி ஒரு மணிக்குப் பக்கம் முடித்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். பதினொன்றரைக்கு ஆரம்பித்து ஐந்துக்கு முடிக்கலாம். வார விடுமுறையில் வரச் சொல்லாமல், நிர்வாகமே ‘ஆன் டியூட்டி’ போட்டு அனுப்ப வேண்டும். நான்கு பேர் இருக்கும் டெஸ்க்கிலிருந்து இரண்டு பேரை ஒரே நாளில் அனுப்ப முடியாது. அதனால் இந்த மாதம் ஒருவர், அடுத்த மாதம் ஒருவர்.

வருகிறவர்கள் ஆளுக்கு மூன்று செய்தி கொண்டுவர வேண்டும். நிருபர் அனுப்பிய மூலமும், அச்சில் வந்த வடிவமும். சம்பந்தப்பட்டவர்கள் பெயரை அடித்துவிட்டு. முதல் பயிற்சி: அந்த நாற்பது வரியைப் பன்னிரண்டாக்குங்கள், நேரம் இருபது நிமிஷம். இரண்டாவது: இந்தச் செய்திக்கு நிருபரிடம் போனில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை எழுதுங்கள். மூன்றாவது: இதில் தப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குப் போட வேண்டிய திருத்தத்தை எழுதுங்கள்.

மூன்றாவதுதான் பலருக்குக் கஷ்டமாக இருக்கும். பழக்கமில்லை. லண்டன் ‘கார்டியன்’ 1997-லிருந்து தினமும் திருத்தத்துக்கென்று இடம் ஒதுக்குகிறது. சென்னையிலேயே ‘தி இந்து’ 2006-ல் வாசகர் ஆசிரியர் என்று ஒருவரை நியமித்தது. தமிழ்த் தினசரிகளில் பெரும்பாலும் முதல் பக்கத்தில் வந்த தப்புக்கு உள்ளே ஏதோ ஒரு மூலையில், டெண்டர் நோட்டீஸுக்குக் கீழே, எறும்பு எழுத்தில் ‘வருந்துகிறோம்’.

சிறப்பு விருந்தினர்கள்? உண்டு, நான்கு பேர். டிஎம்சி கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட நீர்வளத் துறை இன்ஜினீயர் ஒருவர். போக்சோ வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவர். அரசு ஆஸ்பத்திரி மனநல மருத்துவர் ஒருவர். நான்காமவர் முக்கியம்: பேப்பரில் தன்னைப் பற்றியோ தன் வீட்டைப் பற்றியோ தப்பாகச் செய்தி வந்து அவதிப்பட்ட ஒரு சாதாரண மனிதர், அவருக்குச் சம்மதம் இருந்தால். அவர் பத்து நிமிஷம் பேசினால் போதும். வேறு எந்தப் பேச்சும் அவ்வளவு ஆழமாக இறங்காது.

பட்டறையை மதிப்பிடுவதும் கணக்குதான். சான்றிதழை எண்ணாதீர்கள். மூன்று மாதம் கழித்து அதே இருபத்துநான்கு பேர் பார்த்த பக்கங்களை எடுத்துப் பாருங்கள். ‘கள்ளக்காதல்’ எத்தனை, ‘விநாடிக்கு’ விட்டுப்போனது எத்தனை, ‘போலீஸார் கூறினர்’ இல்லாத போலீஸ் கதை எத்தனை. குறைந்திருந்தால் பட்டறை பாஸ்.

*

“காலம் மாறிப்போச்சு. நியூயார்க் டைம்ஸே எடிட்டர்களை எடுத்துட்டான்” என்று நிர்வாகத் தரப்பில் சொல்வார்கள். வாஸ்தவம்தான். 2017-ல் அந்தப் பத்திரிகை நூற்றுக்கும் மேற்பட்ட காப்பி எடிட்டர்கள் இருந்த தனி டெஸ்க்கைக் கலைத்தது. அலுவலகத்திலிருந்து ஊழியர்கள் வெளிநடப்பே செய்தார்கள். ஆனால், அங்கே ஒரு செய்தியை வரிசையாகப் பல பேர் பார்த்தார்கள், அதில் சில படிகளைக் குறைத்தார்கள். இங்கே பார்ப்பதே ஒருவர்தான். அவரையும் பயிற்சி இல்லாமல் விட்டுவிட்டு நியூயார்க்கைக் காட்டுவது, மூன்று வேளை சாப்பிடுகிறவர் டயட்டில் இருக்கிறார் என்று ஒரு வேளைக்காரரைப் பட்டினி போடுவது மாதிரி.

நமக்கு இது புதிதும் இல்லை. 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா.ஆதித்தனார், பத்திரிகைக்காரர்களுக்காகவே ‘இதழாளர் கையேடு’ எழுதியவர். எழுதுகிறவருக்கும் திருத்துகிறவருக்கும் வேலையைச் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு முதலாளியே நினைத்த ஊர் இது.

ஆகவே, பட்டறை நடத்துங்கள். தாராளமாக நடத்துங்கள். பேராசிரியரையும் கூப்பிடுங்கள், அரை மணி நேரம் கொடுங்கள். கீரைக் கடைக்கு மறக்காமல் ‘க்’ போடுங்கள்.

போட்டுவிட்டு, அந்த மேலத்தெரு டீக்கடையைச் செய்தியிலிருந்து எடுத்துவிடுங்கள்.